இரண்டாவது பூச்சு

அத்தியாயம் 6

"அஞ்சு மணிக்கு மாஜிஸ்ட்ரேட்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவாங்க ஐயா. அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க."

வேன்காரம்மா இதை ஆறாவது தடவையாகச் சொன்னாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். சனிக்கிழமை என்பதால் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் உட்காரும் குட்டை சீட்டில் முழங்கால் தாடையை இடிக்க நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் மருமகள். மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். இவள் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கடையை மூடிவிட்டு என்னோடு துப்புத் துலக்க வருவது அவளுக்குப் பொழுதுபோக்கு. எனக்குத் தலைவலி.

"மாமா, இந்த சீட்டுல உக்காந்தா பழைய ஞாபகம் வருதா? ரெண்டாங்கிளாஸ் படிச்சது?"

"நான் எட்டு வருஷம் படிச்சவன்."

"ஆமா, எட்டு வருஷமும் ரெண்டாங்கிளாஸ்லன்னு அத்தை சொல்லியிருக்காங்க."

வேன்காரம்மா சிரிக்கவில்லை. அவள் நிலைமை அப்படி.

நடந்தது இவ்வளவுதான். ஒரு ரிட்டயர்டு டீச்சர். கல்யாணம் காட்சி இல்லை, தனி ஆள். மாடியில் அண்ணன் மகன் இருக்கிறான். டீச்சருக்கு ஹாலில் ஒரு சுவரைப் பழங்காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு மாதிரி ஆக்கிப் பார்க்க ஆசை. ஏதோ புத்தகத்தில் படம் பார்த்தாராம். வழுவழுவென்று இருக்கிற நல்ல சுவரைக் காசு கொடுத்துச் சொரசொரப்பாக்குகிற காலம் இது. அந்த வேலைக்கு வந்த பெயிண்டர், வேன்காரம்மாவின் தம்பி.

நேற்றுக் காலை டீச்சருக்கும் அவனுக்கும் வாய்ச்சண்டை. பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கிறது. மாலை மூன்றரைக்கு ஆம்புலன்ஸ் வந்தபோது டீச்சர் அந்தச் சுவரடியில் மண்டை உடைந்து கிடந்தார். பக்கத்தில் ஓர் ஏணி. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது யாரோ ஒரு பெண். பேர் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். டீச்சர் இன்னும் கண் திறக்கவில்லை. திறக்காமலே போனால் கேஸின் பேர் மாறிவிடும்.

பெயிண்டர் என்ன சொல்கிறான்? "பன்னண்டு மணிக்கே பாதி வேலையில கிளம்பிட்டேன்" என்கிறான். எங்கே போனாய் என்றால், கோபத்தில் சும்மா நடந்தேன் என்கிறான். பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் சுவரில் வேலை முழுசாக முடிந்திருக்கிறது. இன்ஸ்பெக்டருக்கு அது போதும். தள்ளிவிட்டுவிட்டு மிச்சத்தையும் பூசி முடித்துவிட்டுப் போன கல்நெஞ்சக்காரன் என்று எழுதிவிட்டார்.

"உன் தம்பி செய்யலன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"என் தம்பி ஐயா."

"அது பதில் இல்ல."

"அப்பா போனப்புறம் நான்தான் வளர்த்தேன். கோபம் வரும். கை நீட்ட மாட்டான்." கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் சாலையையே பார்த்தாள். "அப்பாவும் பூச்சு வேலைதான். ஏழு வயசுல இருந்து சுவர்ல பூசற பட்டி மாவை நான் கலக்குவேன், தம்பி கரண்டி பிடிப்பான். ஒரு கட்டி இருந்தாலும் அப்பா அடிப்பாரு."

நாற்பது வருஷம் பூட்டு ரிப்பேர் பார்த்தவன் நான். வீட்டுக்காரன் நான்தான் என்று சொல்லி என்னைத் திறக்கச் சொன்னவர்களில் பாதிப் பேர் வீட்டுக்காரன் இல்லை. அதனால் நான் தலையை ஆட்டினேன், நம்பவில்லை.

டீச்சர் வீட்டு வாசலில் வேன் நின்றது. மணி ஒன்றரை.

"நீயும் வாம்மா."

"வேணாம் ஐயா. அந்த வீட்டுக்குள்ள நான் கால் வச்சதே இல்ல. தம்பிக்குச் சாப்பாடு கொண்டாந்தா வாசலோட கொடுத்துட்டுப் போயிடுவேன். நான் இங்கேயே இருக்கேன்."

* * *

வாசலில் ஏட்டு நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். பூட்டுத் திறக்க என்னைப் பல இடத்துக்குக் கூட்டிப் போன பழக்கம்.

"பத்து நிமிஷம்தான் பெரியவரே. எதையும் தொடக் கூடாது."

"கண்ணால தொடலாமில்ல சார்?" என்றாள் மருமகள்.

உள்ளே அண்ணன் மகன் நின்றான். முப்பது வயது இருக்கும், கழுத்தில் ஹெட்போன், முகத்தில் தூக்கமில்லை. நான் அவனை விட்டுச் சுவரைப் பார்த்தேன்.

எட்டடி அகலச் சுவர். அடியிலிருந்து கூரை வரைக்கும் வெள்ளை. கரண்டித் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடந்தன. பக்கத்து ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்து ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிழல் கொடுத்தது. நூறு வருஷத்துச் சுவர் மாதிரிதான் இருந்தது. கெட்டிக்காரக் கை.

கிட்டத்தில் போனால் அங்கங்கே கொப்புளம்.

"அம்மை போட்டிருக்கு மாமா, சுவருக்கு."

"ஈரத்து மேல ஈரம் பூசினா இப்படித்தான். யாருக்கோ அவசரம்."

மூலையில் வாளி இருந்தது. அடியில் மிச்சப் பட்டி. காய்ந்திருந்தாலும் உடைத்துப் பார்த்தால் தெரியும். ஒரு கட்டி இல்லை. பழக்கமில்லாதவன் கலக்கினால் வாளி முழுக்கச் சுண்டைக்காய் மாதிரி மிதக்கும்.

"கரண்டி எங்கே?"

"நான் எதையும் எடுக்கல சார்" என்றான் அண்ணன் மகன்.

மருமகள் தேடப் போனாள். ஹாலை ஒட்டி ஒரு நடை, வெளிச்சமே இல்லை. வரிசையாக மூன்று கதவுகள், மூன்றும் சாத்தியிருந்தன. முதல் கதவைத் திறந்தாள், குளியலறை. இரண்டாவதைத் திறந்தாள், உள்ளேயிருந்து துடைப்பம் ஒன்று அவள் தலையில் விழுந்தது. மூன்றாவதில் இருட்டு.

"ஸ்விட்ச் எங்கேங்க?"

"வெளியில, கதவுக்கு வலது பக்கம். கட்டினவன் பைத்தியக்காரன்" என்றான் அவன்.

விளக்கு எரிந்தது. அது சமையலறை. "மாமா, இங்க வந்து பாருங்க. பெயிண்டர் சாமானுக்கு இங்க என்ன விருந்தா?"

தட்டு கவிழ்க்கிற கம்பிக் கூடையில், இரண்டு தட்டுகளுக்கு நடுவே, பூச்சுக் கரண்டியும் பட்டித் தகடும் கழுவித் துடைத்து நிமிர்த்தி வைத்திருந்தன. பிடியின் இடுக்கில்கூட அழுக்கு இல்லை.

"கொலை பண்ண வந்தவன் பாத்திரமும் தேய்ச்சுட்டுப் போயிருக்கான்" என்றாள். "அப்படி ஒருத்தன் கிடைச்சா எனக்கே வேணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹாலுக்குத் திரும்பினேன். அண்ணன் மகனிடம் ஏட்டுக்குக் கேட்கிற மாதிரியே கேட்டேன்.

"அத்தை போயிட்டா இந்த வீடு உனக்குத்தானே?"

"கரையான் அரிச்ச வீடு சார். எனக்கு எதுக்கு?"

"நேத்து பன்னண்டுல இருந்து மூணரை வரைக்கும் எங்க இருந்தே?"

"மாடியில. ஆபீஸ் மீட்டிங். காதுல இது." ஹெட்போனைத் தொட்டான். "ஆம்புலன்ஸ்காரங்க கதவை இடிச்சப்பதான் இறங்கி வந்தேன். அத்தை கிடந்தாங்க. வேற யாரும் இல்ல. பின்கதவு திறந்திருந்துச்சு."

"மூணரை மணி நேரம் அப்படி என்ன பேசுவீங்க?"

"அவங்க பேசுவாங்க. நான் மியூட்ல இருப்பேன்."

"கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே பழகிட்டாரு" என்றாள் மருமகள்.

சமையலறையிலிருந்து பூச்சுக் கரண்டியை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன். தொடக் கூடாது என்று ஏட்டு கத்தினார். காதில் விழாத மாதிரி இருந்தேன். "சுவர்ல ஒரு இழுப்பு இழுக்கிற மாதிரி காட்டு தம்பி."

அவன் கரண்டியைப் பேனா மாதிரி பிடித்தான். இழுத்தபோது மணிக்கட்டு மடிந்து கரண்டி கீழே விழுந்து அவன் கால் விரலைப் பதம் பார்த்தது. வேஷம் இல்லை. வலியில் உண்மையாகவே குதித்தான். இந்தச் சுவரைப் பூசியது இவன் இல்லை.

அதற்குள் மருமகள் தரையில் குப்புறப் படுத்து சோபாவுக்கு அடியில் கையை விட்டிருந்தாள். தூசியோடு ஒன்றை இழுத்து வந்தாள். இரும்பு ஸ்கேல். டீச்சர்கள் வைத்திருப்பது. அதன் ஓரம் முழுக்கச் சிவப்பு.

அண்ணன் மகன் சோபாவில் உட்கார்ந்துவிட்டான். "ரத்தமா?"

நகத்தால் சுரண்டினேன். பொடியாக உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"மாமா, ஏட்டு பார்க்கறதுக்குள்ள துப்புங்க. சாட்சியத்தைத் தின்னுட்டாங்கன்னு உங்களையும் உள்ள வைப்பாங்க."

"மண்ணு" என்றேன். "பட்டியில காவி கலந்திருக்கு."

வெள்ளைச் சுவர் இருக்கிற வீட்டில், ஸ்கேலில் மட்டும் சிவப்புப் பட்டி எப்படி வந்தது? மணி இரண்டேகால்.

* * *

லாக்கப்பில் பெயிண்டர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். கம்பிக்கு இந்தப் பக்கம் என்னையும் மருமகளையும் மட்டும்தான் விட்டார்கள். அக்காக்காரி வெளியே வேனில்.

"என்ன சண்டை?"

"பின்னாலயே நின்னாங்க சார். கையில ஒரு ஸ்கேலு. இந்தத் தடம் ஒரு இஞ்சு கூட, அந்தத் தடம் அரை இஞ்சு குறைச்சல்னு. பழைய பூச்சு மாதிரி வேணும்னா அளவெடுத்து வருமா? கை போன போக்குல போனாத்தான் வரும். மேல ஒரு சாண் பாக்கி இருந்துச்சு. அப்ப சொன்னாங்க, உங்கப்பன் உனக்கு ஒழுங்கா சொல்லிக் கொடுக்கலன்னு."

"நீ என்ன சொன்னே?"

"நீங்களே பூசிக்குங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்." தலையைக் குனிந்தான். "கத்தித்தான் சொன்னேன்."

"முதல் பூச்சு என்ன கலர்?"

நிமிர்ந்தான். "இதை யாரும் கேக்கலையே. சிவப்பு. ஒரு பிடி காவிப் பொடி போட்டுக் கலக்குவேன். மறுநாள் வெள்ளை பூசும்போது எங்க விட்டுப்போச்சுன்னு கண்ணுக்குத் தெரியும். எங்கப்பா வழக்கம்."

"மறுநாள்தானா? அன்னிக்கே பூச மாட்டியா?"

"அன்னிக்கே பூசினா கொப்புளம் விடும் சார். ராத்திரி முழுக்கக் காயணும்."

"வீட்ல ஏணி இருந்துச்சே, அது உன்னுதா?"

"நான் பெஞ்சு போட்டு ஏறுவேன். ஈரச் சுவர்ல ஏணி சாத்துறவன் பெயிண்டரா சார்? அது அந்தம்மா வீட்டு ஏணி, பின்னாடி கிடக்கும்."

மருமகள் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. நான் இன்னொன்று கேட்டேன், சும்மா கேட்கிற மாதிரி.

"வேலை முடிஞ்சதும் கரண்டியை எங்க கழுவுவே?"

"நான் எங்க கழுவறது? தண்ணி வாளியில போட்டு வைப்பேன். வேலை முழுசா முடிஞ்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா அக்கா கழுவி நிமித்தி வைக்கும். சின்ன வயசுல இருந்து அது அக்கா வேலை. கழுவாம படுத்தா அப்பா எழுப்பிவிட்டுக் கழுவச் சொல்வாரு."



இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் போனேன். சுவரின் மேல்பூச்சைத் தேய்த்துப் பார்க்க அனுமதி கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தேய்ச்சு என்ன வரப் போகுது? பூதமா?"

"வராட்டி உங்களுக்கு நஷ்டமில்ல."

"நாலரை வரைக்கும். ஏட்டு போட்டோ எடுக்கணும். ஜீப் அஞ்சுக்குக் கிளம்பிடும், உங்களுக்காக நிக்காது."

வரும் வழியில் ஹார்டுவேர் கடையில் நிறுத்தி உப்புத்தாள் நாலு வாங்கினேன். சுவர் தேய்க்கிற தாள்தான், மளிகைச் சாமான் இல்லை என்று மருமகளிடம் சொல்ல வேண்டியிருந்தது. வேனில் ஏறியதும் வேன்காரம்மா கேட்டாள்.

"தம்பி என்ன சொன்னான் ஐயா?"

"முதல் பூச்சு சிவப்புன்னு சொன்னான்."

அவள் கை கியரில் ஒரு கணம் நின்றது. அப்புறம் வண்டி நகர்ந்தது.

* * *

மூன்றே முக்கால். இந்தத் தடவை அவளையும் உள்ளே கூப்பிட்டேன். "சாட்சிக்கு வேணும்" என்றேன். தயங்கித் தயங்கி வந்து ஹால் வாசற்படியோரம் நின்றாள்.

மருமகள் பெஞ்சில் ஏறி உப்புத்தாளை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். வெள்ளைத் தூள் பறந்தது. ஏட்டு கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"எதைப் பெரியவரே தேடறோம்?"

"அந்த அம்மா விழுந்தப்போ இந்தச் சுவர் சிவப்பா, ஈரமா இருந்துச்சு. என்ன நடந்துச்சோ அது இதுல பதிஞ்சிருக்கும். பதிஞ்சதை மறைக்கத்தான் யாரோ வெள்ளை பூசியிருக்காங்க. மேட்டுல இருக்கிற வெள்ளை தேயும். பள்ளத்துல இருக்கிறது தேயாது."

"அஞ்சு விரல் தடம் வரும்னு சொல்லுங்க. தள்ளுனவன் கை."

"வரட்டும், பார்ப்போம்."

கால் மணி ஆனது. வெள்ளைக்கு நடுவே சிவப்பு எட்டிப் பார்த்தது. முதலில் ஒரு உள்ளங்கை அளவு, பிறகு ஒரு தட்டு அளவு. மருமகள் தலை நரைத்துக் கிழவியாகிவிட்டாள். வாய் மட்டும் ஓயவில்லை. "ஜெராக்ஸ் எடுக்கிறதுகூட இப்படித்தான் மாமா, முதல்ல கருப்பா வரும்."

திடீரென்று வாயை மூடினாள்.

சிவப்புப் பரப்பில் ஒரு வெள்ளைக் கோடு. கட்டைவிரல் பருமன். அவள் இன்னும் வேகமாகத் தேய்த்தாள். முதல் கோட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளி இன்னொரு கோடு. இரண்டும் மேலே கூரைக்குக் கொஞ்சம் கீழே இரண்டு வட்டக் குழியில் தொடங்கி, இடது பக்கமாக வளைந்து, ஒன்றை ஒன்று விடாமல் கீழே இறங்கின. விரல் தடம் ஒன்றுகூட இல்லை.

"இது என்ன, தண்டவாளமா?" என்றார் ஏட்டு.

"ஏணியைக் கொண்டாங்க."

ஸ்ட்ரெச்சருக்கு வழிவிடப் பின்பக்கம் ஒதுக்கியிருந்த அலுமினிய ஏணியை அண்ணன் மகன் தூக்கி வந்தான். தலைப்பக்கத்தை மேலே இரண்டு குழிக்கும் நேராகப் பிடித்தோம். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. ஏணியின் குழாய் வாயைத் திருப்பிப் பார்த்தேன். வெளிப்பக்கம் துடைத்திருந்தது. குழாய்க்குள் ஒரு விரற்கடை ஆழத்துக்குச் சிவப்புப் பட்டி அடைத்திருந்தது.

"யாரும் தள்ளல" என்றேன். "நீங்களே பூசிக்குங்கன்னு பெயிண்டர் சொன்னான். அந்த அம்மா பூசப் போயிருக்காங்க. மேல ஒரு சாண் பாக்கி. கரண்டிக்குப் பதிலா ஸ்கேலு. பாதி வேலையை அப்படியே விட்டுட்டு இருக்கிற ஆள் இல்ல அவங்க. ஈரச் சுவர்ல ஏணியைச் சாத்தினாங்க. அது வழுக்கிடுச்சு."

வாசற்படியோரம் நின்ற வேன்காரம்மா நிலையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "அப்போ தம்பி..." என்றாள்.

ஏட்டு போட்டோ எடுத்து முடித்துவிட்டு மோவாயைச் சொறிந்தார்.

"எல்லாம் சரி பெரியவரே. ஆனா இன்ஸ்பெக்டர் ஒண்ணு கேப்பாரு. ஏணி வழுக்கின தடத்தை மறைச்சது யாரு? இந்த மாதிரி பூச உங்க ஆளுக்குத்தான் தெரியும். திரும்பி வந்திருக்கான், அந்தம்மா கிடக்கறதைப் பார்த்திருக்கான், பழி தன் மேல வரும்னு பூசி மறைச்சுட்டு உயிருக்குப் போராடறவளை விட்டுட்டு ஓடியிருக்கான். தள்ளாட்டியும் உள்ளதான் போவான்."

"அவன் வரல சார்" என்றாள் வேன்காரம்மா.

"அதை நீ எப்படிம்மா சொல்வே?"

அவள் தரையைப் பார்த்தாள்.

மணி நாலு பத்து. வாளிக்குப் பக்கத்தில் இருந்த பட்டி மாவுச் சாக்கை அவிழ்த்தேன்.

"ஏம்மா, கொஞ்சம் பட்டி கலக்கு. அந்த ஓரத்துல ஒரு கை அகலம் பூசு. எவ்வளவு நேரத்துல இறுகுதுன்னு பார்க்கணும்."

"எனக்குக் கலக்கத்தான் தெரியும் ஐயா."

"தெரிஞ்சதைச் செய்."

ஏட்டு ஏதோ சொல்ல வந்தார். மருமகள் அவரிடம் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். அவளுக்கும் அப்போதுதான் புரிந்திருந்தது. முகத்தில் விளையாட்டு இல்லை.

வேன்காரம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து கலக்கினாள். தண்ணீரை அளந்து ஊற்றவில்லை. கையே அளவு. நாலு சுற்றில் வெண்ணெய் மாதிரி வந்தது. கரண்டியில் எடுத்துச் சுவரோரம் வைத்தாள். கலக்கத்தான் தெரியும் என்றவளின் கை ஒரு இழுப்பு, எதிர்ப்பக்கமாக ஒரு இழுப்பு, முடிவில் மணிக்கட்டில் ஒரு சின்னச் சுண்டு. சுவர் முழுக்கப் பின்னிக் கிடந்த அதே தடம்.

எழுந்தாள். கையில் கரண்டி. மனசு எங்கேயோ இருந்தது, தம்பியிடம் இருந்திருக்கும். யாரையும் எதுவும் கேட்காமல் நடையில் நடந்தாள். முதல் கதவைத் தாண்டினாள். இரண்டாவதைத் தாண்டினாள். மூன்றாவதன் முன்னால் நின்று, பார்க்காமலே வலது கையை நீட்டி வெளிச்சுவரில் இருந்த ஸ்விட்சைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நின்றது. கம்பிக் கூடையில் கரண்டி நிமிர்ந்து உட்காரும் சின்னச் சத்தம். அதற்குப் பிறகு எதுவுமில்லை.

அவள் வெளியே வரவில்லை. ஏட்டு என்னைப் பார்த்தார். நான் நடைக்குப் போனேன்.

கழுவு தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி கூடையையே பார்த்து நின்றாள்.

"கால் வச்சதே இல்லன்னு சொன்னியேம்மா" என்றேன்.

"ரெண்டே முக்காலுக்குச் சாப்பாட்டோட வந்தேன் ஐயா." குரல் தட்டையாக வந்தது. "அவனைக் காணோம். கதவு திறந்து கிடந்துச்சு. எட்டிப் பார்த்தா அந்தம்மா கீழ. ஏணி அவங்க மேல. சுவர்ல கீறிக் கிழிச்ச மாதிரி ரெண்டு கோடு. காலையில போன்ல சொல்லியிருந்தான், அக்கா இன்னிக்கு இந்தப் பொம்பளைய என்ன செய்வேன்னு எனக்கே தெரியாதுன்னு. எனக்கு... எனக்கு அதுதான் காதுல விழுந்துச்சு."

"முதல்ல சுவரா, முதல்ல ஆம்புலன்ஸா?"

நிமிர்ந்து பார்த்தாள். "என்ன ஐயா இப்படிக் கேக்கறீங்க?"

"கேட்டுத்தான் ஆகணும்."

"முதல்ல போன்தான். இந்த வீட்டுப் போன்லயே பண்ணினேன். வழியில மரம் விழுந்து கிடக்கு, நேரமாகும்னாங்க. அந்தம்மா தலைக்குத் துணி வச்சு அழுத்திக் கட்டினேன். மூச்சு இருந்துச்சு. சும்மா உக்கார முடியல ஐயா. அந்தக் கோடு என்னையே பார்த்துட்டு இருந்துச்சு. கதவைச் சாத்திட்டுக் கலக்கினேன், பூசினேன். கோட்டை மட்டும் மறைச்சா பளிச்சுனு தெரியும்னு முழுச் சுவரும் பூசினேன், ஏணியையும் துடைச்சேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் பின்பக்கமா ஓடிட்டேன். பள்ளிக்கூடம் விடற நேரம்."

நான் நம்பவில்லை. ஏட்டு ஆம்புலன்ஸ்காரர்களிடம் போனில் பேசி முடிக்கிறவரை நம்பவில்லை. பேசிவிட்டு அவர் சொன்னார்: "ரெண்டு அம்பத்திரண்டுக்குக் கூப்பிட்டிருக்கா. அவங்க வந்தது மூணு முப்பத்தஞ்சு. கட்டுப் போட்டிருந்துச்சுன்னு எழுதியிருக்காங்க."

அப்போதுதான் நம்பினேன்.

"ஏம்மா" என்றாள் மருமகள், "இதை நேத்தே சொல்லியிருந்தா உங்க தம்பி நேத்தே வெளிய வந்திருப்பான். நீங்க மறைச்சதுதான் அவனைக் காப்பாத்தற ஒரே சாட்சி."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் தெரிஞ்சுதான் அழிச்சேனா?" கரண்டி பிடித்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "ஸ்டேஷன்ல அவனைப் பார்த்தேன். நான் செய்யலக்கான்னான். மூஞ்சியப் பார்த்ததும் தெரிஞ்சு போச்சு, செய்யலன்னு. அதுக்கப்புறம்தான் உங்ககிட்ட ஓடி வந்தேன். நான்தான் பூசினேன்னு சொன்னா என்னை உள்ள வைப்பாங்க. வைக்கட்டும், வேன் வேலை போகட்டும். ஆனா எதுக்குப் பூசினேன்னு அவன் கேப்பானே. நீ கொலைகாரன்னு நெனச்சுத்தான் பூசினேன்னு எந்த வாயால சொல்வேன்?"

மணி நாலு இருபத்தைந்து.

"ஜீப் அஞ்சுக்குக் கிளம்பும்" என்றேன். "உன் வாயால சொன்னாத்தான் அவன் ஏறாம இருப்பான். நான் சொன்னா எடுபடாது."

அவள் சமையலறை விளக்கை அணைத்தாள். நேராக நடந்து வெளியே போய் வேனில் ஏறினாள். நாங்கள் ஏறும் முன்பே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

* * *

நாலு ஐம்பதுக்கு ஜீப்பின் பின்கதவு திறந்து கிடந்தது. பெயிண்டரை ஒரு கையில் பிடித்தபடி கான்ஸ்டபிள் படியில் நின்றார். வேன்காரம்மா அவர்களைத் தாண்டி உள்ளே போனாள். தம்பி "அக்கா" என்றான். அவள் நிற்கவில்லை.

கதவு சாத்தவில்லை. இன்ஸ்பெக்டர் மேஜை முன்னால் நின்று அவள் சொன்னது படி வரைக்கும் கேட்டது. ஒரு வார்த்தையையும் விழுங்காமல் சொன்னாள். "இவன் செஞ்சுட்டான்னு நெனச்சேன்" என்பதையும் சொன்னாள். நான் பெயிண்டர் முகத்தைப் பார்த்தேன். அவள் பேச்சில் ஏணிக் கோடு வந்தபோது சந்தோஷப்பட்ட முகம், அந்த வார்த்தை வந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டர் போட்டோக்களைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார், பேனாவை மூடினார். ஜீப்பின் கதவைச் சாத்தச் சொன்னார்.

"நீ போகலாம்ப்பா" என்று ஏட்டு பெயிண்டரிடம் சொன்னார். "உங்கக்கா இருக்கணும். தடயத்தை மறைச்ச விஷயம். எவ்வளவு நேரமோ, தெரியாது."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டாள் மருமகள். டீச்சர் அப்படியேதான் இருக்கிறார், நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்றார்களாம்.

பெயிண்டர் போகவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்தான். அங்கேயிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாக அக்காளின் முதுகு தெரியும். அவன் சாலையைப் பார்த்து உட்கார்ந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், கால் வலி.

"சார், என்னைப் பார்த்தா தள்ளிவிடறவன் மாதிரியா இருக்கு?"

"காலையில நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"அப்புறம்?"

"சுவரைப் பார்த்தேன்."

கொஞ்ச நேரம் கையில் ஒட்டியிருந்த காவியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அக்காவும் சுவரைத்தான் பார்த்துச்சு" என்றான்.

உள்ளே யாரோ அக்காளுக்குத் தண்ணீர் கொடுக்கும் சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை, எழுந்து போகவும் இல்லை.